முனவ்வர் பேகத்தின் திவான்

திவான் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ரங்கம்மாள் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எந்த ஊட்ல எந்தப் பொணத்தப் படுக்க வெச்சிருந்தாங்களோ. இது உள்ள வந்துச்சின்னா நான் கணியம்பாடிக்கு எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறேன்."

குட்டியானை வண்டியிலிருந்து அதை இறக்கிய ஆட்கள், மாமியார் பேச்சைக் கேட்பதா மருமகள் பேச்சைக் கேட்பதா என்று தெரியாமல் தெருவிலேயே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். தேக்கு மரத்தில் செய்த, உட்காரவும் படுக்கவும் ஆகிற நல்ல கனமான திவான். முதுகுப் பக்கம் கொடிபோலச் செதுக்கிய வேலைப்பாடு. ஒரு கால் மட்டும் கரையான் அரித்துக் கறுத்திருந்தது.

சங்கீதா ஆம்பூர் பைபாஸ் ஓரமாக இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்து முப்பது நாற்பது பெண்களிடம் வேலை வாங்குகிறவள். அங்கே அவள் ஒரு தரம் சொன்னால் போதும். வீட்டில்தான் எதையும் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது, அப்படியும் நடப்பதில்லை.

"அத்தை, கடையில கழுவித் தொடச்சிதான் குடுத்திருக்காங்க."

"மரத்தக் கழுவலாம். மத்தத எப்படிக் கழுவறது?"

கடைசியில் அவள் கணவன் பூவரசன்தான் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து எடுத்துவந்தான். அவன் எலக்ட்ரீஷியன், எங்கே ஃபியூஸ் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தவன். ரங்கம்மாள் திவானின் நாலு மூலையிலும் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு, "உள்ள வெச்சிக்க. நான் அதுல உக்கார மாட்டேன்" என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

இதெல்லாம் போன மழையால் வந்தது. கூடத்துச் சுவர் ஓதம் ஏறி உரிந்துபோனதால் சாமான்களை வெளியே போட்டுவிட்டு வெள்ளையடித்தார்கள். வேலை முடிந்த அன்று காலியான கூடத்தில் சங்கீதா கொஞ்ச நேரம் நின்றாள். இத்தனை வருஷமாக இருக்கும் வீட்டில் இவ்வளவு வெளிச்சம் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளியே திரும்பிப் பார்த்தால், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், காலம் போன காலண்டர்கள், ரங்கம்மாளின் துணி மூட்டைகள். அவற்றைத் திரும்பவும் உள்ளே கொண்டுவர அவளுக்கு மனசு வரவில்லை. புதிதாக எதுவும் வாங்காமல், பழைய சாமான் கடையில் கிடைப்பதையும் வீட்டில் இருக்கும் பழைய துணியையும் வைத்தே கூடத்தை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தாள். கம்பெனியில் நல்ல நல்ல துண்டுகள் குப்பைக்குப் போவதைத் தினமும் பார்க்கிறவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

துணி மூட்டையில் கை வைத்தபோதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. ரங்கம்மாளைப் பொறுத்தவரை பழைய துணி என்பது பழைய துணி இல்லை. அது இன்னும் வந்து சேராத பாத்திரம். துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் தெருவில் வரும்போது எந்தப் புடவைக்கு எந்தக் கிண்ணம் என்று அவள் மனசில் முன்பே முடிவாகியிருக்கும்.

"அது அன்னக்கூடைக்கு வெச்சிருக்கேன். அதத் தொடாத."

"சோறு வடிக்க ஊட்ல மூணு அன்னக்கூடை இருக்குது, அத்தை."

"நாலாவது இல்ல இல்ல?"

இப்படி ஒவ்வொரு புடவைக்கும் பேரம் பேசி, பாதி மூட்டையை சங்கீதா மீட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தாள். ஆசாரி வந்து கரையான் அரித்த காலை வெட்டி, மற்ற மூன்றையும் அதன் அளவுக்குக் குறைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியதும் மரம் உள்ளிருந்து சிவந்து வந்தது. தன் பழைய பட்டுப் புடவைகளைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டுத்துணி விரிப்பு ஒன்றைத் தைத்தாள். அதற்கே மூன்று வாரம் ஆனது. வேட்டிகளின் கரை தெரிகிற மாதிரி ஜன்னலுக்குத் திரை போட்டாள். இடித்த வீட்டிலிருந்து வந்த ஒரு ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி பொருத்திச் சுவரில் மாட்டினாள். பூவரசனின் குடியாத்தம் கைலிகள் திண்டு உறைகளாயின.

"யாருனா அதுல சாஞ்சிகினு உக்காந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்குது, சங்கீ" என்றான் அவன்.

"ஏன்?"

"என் கைலி அது."

"கழட்டிப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சி."

எல்லாம் முடிந்து கூடம் அவள் நினைத்த மாதிரியே அமைந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு திவானில் உட்காரப்போன நேரத்தில் கேட் தட்டும் சத்தம் கேட்டது.

கறுப்பு புர்கா போட்ட ஒரு அம்மா நின்றிருந்தார். அறுபதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் வயசு. நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"இங்க ஒரு திவான் வந்திருக்காமே. ஜெயப்பிரகாஷோட பழைய சாமான் கடையிலர்ந்து."

"ஆமாம்மா. நீங்க?"

"அது என்னுது."

சங்கீதா திரும்பித் திவானைப் பார்த்தாள். திருட்டுச் சாமானை வாங்கிவிட்டோமா என்று நினைத்தாள். அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். "திருட்டு இல்லம்மா, பயப்படாத. எம் பையன்தான் வித்துட்டான். எனக்குத் திருப்பிக் குடுக்கவும் வேணாம். சொம்மா பாத்துட்டுப் போறேன்."

அவர் பெயர் முனவ்வர் பேகம். மகளுக்குப் பிரசவம் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் மகன் இம்தியாஸ் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டு, புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் நாலாவது மாடிக்குக் குடிபோய்விட்டான். லிஃப்டில் திவான் நுழையவில்லை. மாடிப்படி வளைவிலும் திரும்பவில்லை. விற்றுவிட்டான்.

"போன்ல ஒரு வார்த்த சொல்லல. வந்து பாத்தா சோபா செட்டு இருக்குது" என்றார் முனவ்வர் பேகம்.

சங்கீதாவுக்குப் பாவமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டாள். அந்தப் பாவம் பார்த்ததை அதற்குப் பிறகு எத்தனையோ தரம் நொந்துகொண்டாள்.

முனவ்வர் பேகம் திவானைச் சுற்றி வந்தார். முதுகுக் கொடியைத் தடவிப் பார்த்தார். குனிந்தார்.

"கால் இன்னா ஆச்சி?"

"ஒண்ணு கரையான் அரிச்சிருந்துச்சிம்மா. சமமா இருக்கட்டும்னு நாலையும் கொஞ்சம் வெட்ட வேண்டியதாப் போச்சி."

"நாலையுமா." அடிபட்டவர் வீட்டில் விசாரிப்பது போல இருந்தது அந்தக் குரல். "என் முட்டிக்கு அந்த ஒசரம்தான் பராபரா, கரெக்டா இருந்துச்சி." உட்கார்ந்து பார்த்தார். "இப்ப எழுந்துக்க முடியாது பாரு." திண்டை எடுத்தார். "இது கைலிதான?"

அந்த நேரம் பார்த்து ரங்கம்மாள் சமையலறையிலிருந்து வந்து, பெயர் ஊர் எதுவும் கேட்காமல், "இதுல யாருனா செத்தாங்களா?" என்றாள்.

"அத்தை."

"கேட்டாதான தெரியும்?"

முனவ்வர் பேகம் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுல யாரும் சாவலம்மா. எங்க ஊட்டுக்காரர் போனது ஆஸ்பத்திரியில. எம் பசங்க மூணு பேரும் இதுலர்ந்துதான் உருண்டு கீழ உழுவாங்க. அவ்ளோதான்."

"அப்படியா" என்றாள் ரங்கம்மாள். தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கினவள் போலப் பெருமூச்சு விட்டுவிட்டு, வந்து திவானின் மறுமுனையில் உட்கார்ந்தாள். "எம் பையனும் அப்படித்தான் உழுவான். அதான் இப்ப இப்படி இருக்கறான்."

சங்கீதா கையில் இருந்த டீயை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, வேறு டீ போட உள்ளே போனாள். அவள் திரும்பி வந்தபோது உட்கார இடம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் முனவ்வர் பேகம் வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார். வெறும் கையோடு வந்ததில்லை. பேரீச்சம்பழமோ, பேக்கரி பன்னோ இருக்கும். கூடவே ஒரு குறையும் இருக்கும். திவான் வாசலைப் பார்த்து இருக்கக் கூடாது, ஜன்னல் பக்கம் இருந்தால்தான் காற்று வரும். சங்கீதா ஒருநாள் பொறுக்க முடியாமல் நகர்த்தினாள். நகர்த்திய பிறகு, வெயில் அடிக்கிறது, பழைய இடமே பரவாயில்லை என்றார். சுவரில் இருக்கும் ஜன்னல் சட்டத்தைப் பார்த்து, "ஜன்னல் வழியா வெளிய பாக்கணும். நீ உன்னையே பாத்துக்கறியே" என்றார். ரங்கம்மாள் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவர்கள் இரண்டு பேரும் பேசுவதற்கு விஷயம் தீரவே இல்லை. முட்டிவலிக்கு எந்த எண்ணெய், பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம், மகன்கள் பெண்டாட்டி பேச்சைக் கேட்கும் விதம். மருமகள் என்ற சொல் வரும்போது குரல் தாழும். சங்கீதா சமையலறையில் நின்று அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள்.

"அவங்க எத்தினி நாளைக்கி வருவாங்க?" என்று பூவரசனிடம் கேட்டாள்.

"திவான் இருக்கற வரைக்கும்" என்றான் அவன்.

பிறகு வார நாட்களிலும் அவர் வருகிறார் என்று தெரிந்தது. ரங்கம்மாள் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது கூடத்தில் அத்தர் வாசனை இருக்கும். கழுவிக் கவிழ்த்த டம்ளர் இரண்டு இருக்கும். திண்டுகள் வேறு வரிசையில் இருக்கும். சங்கீதா அவற்றைத் தன் வரிசைக்கு மாற்றுவாள். மறுநாள் அவை திரும்பவும் மாறியிருக்கும். தன் வீட்டில் தனக்குத் தெரியாத இன்னொரு ஷிஃப்ட் ஓடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை. ஏற்றுமதி ஆர்டர் ஒன்றுக்கு ஆய்வு நடந்து, லைனில் பாதி ஜோடிகளை மறுபடியும் தைக்கச் சொல்லிவிட்டார்கள். தலைவலியோடு வந்து கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கொடியில் அவளுடைய விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. விரிப்பாக இல்லை. கட்டம் கட்டமாக, தனித்தனித் துண்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப் போட்டு.

உள்ளே ரங்கம்மாள் பயமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டியா? அந்தச் செவப்புக் கட்டமும் ஊதாக் கட்டமும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சி இல்ல, அது கண்ண உறுத்துதுன்னு பேகம்மா சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சி. மாத்தித் தெச்சிக்கலாம்னு பிரிச்சோம். பிரிச்சதுதான் பிரிச்சோம், தொவச்சிடலாம்னு..."

சங்கீதா ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். பட்டு சுருங்கி, ஓரம் முறுக்கிக்கொண்டு, சாயம் கலங்கியிருந்தது. கட்டங்கள் இனி ஒன்றுக்கொன்று பொருந்தாது. மூன்று வார வேலை.

"மிச்சம் வெச்சிருந்த துணி எங்க அத்தை?"

ரங்கம்மாள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "பாத்திரக்காரன் வந்தான்."

நாலாவது அன்னக்கூடை சமையலறை மேடையில் பளபளவென்று இருந்தது.

சங்கீதா கத்தவில்லை. கம்பெனியிலும் அவள் மிகவும் கோபமாக இருக்கும்போது கத்துவதில்லை. ஜெயப்பிரகாஷ் கடைக்குப் போன் போட்டு இம்தியாஸின் நம்பரை வாங்கினாள். உங்கள் அம்மா தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், இதைக் கொஞ்சம் நீங்கள் பார்த்துக்கொண்டால் நல்லது என்று நிதானமாகச் சொன்னாள்.

மறுநாள் முனவ்வர் பேகம் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இம்தியாஸ் பைக்கில் வந்துவிட்டான். மெலிந்த, மரியாதையான இளைஞன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"சாரிக்கா. குர்ஆன் வகுப்புக்குப் போறேன்னுதான் ஊட்ல சொல்லிட்டு வர்றாங்க. எங்களுக்குத் தெரியாது." பிறகு அம்மாவைப் பார்த்தான். "இன்னாம்மா இது? முன்னபின்ன தெரியாதவங்க ஊட்ல வந்து உக்காந்துகினு. நம்ம ஊட்ல உக்கார எடம் இல்லையா?"

முனவ்வர் பேகம் எழப் பார்த்தார். திவான் தாழ்வாக இருந்ததால் முதல் முயற்சியில் எழ முடியவில்லை. சங்கீதா கை கொடுக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார். மகனும் கை நீட்டினான்; அதையும் பிடிக்கவில்லை. கைப்பிடியை ஊன்றி மெல்ல எழுந்து, புர்காவைச் சரி செய்துகொண்டு, ரங்கம்மாளிடம் மட்டும் "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். டீ ஆறிப்போய்க் கிடந்தது.

அன்றிலிருந்து ரங்கம்மாள் சங்கீதாவிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், துணி மடித்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. வெளியே போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் கொஞ்சம் நன்றாக இருந்த ஒன்றை எடுத்து வாசலில் போட்டுக்கொண்டு, மாலை முழுவதும் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். போகிறவர்கள், "இன்னா ரங்கம்மா, வெளிய உக்காந்துகினு இருக்க?" என்று கேட்டால், "உள்ள எல்லாம் அழகா இருக்குது. நமக்கு அங்க இன்னா வேலை?" என்றாள்.

"நீ கம்பெனில பேசற மாதிரி பேசிட்ட" என்றான் பூவரசன்.

"கம்பெனில நான் சொன்னா கேக்கறாங்க."

"அதுக்கு அவங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, சங்கீ."

அவளுக்கு அவன் மேலும் எரிச்சல் வந்தது. தப்பு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் ரோஷப்பட்டுக்கொண்டு வருவதில்லை, ஒருத்தர் ரோஷப்பட்டுக்கொண்டு பேசுவதில்லை. விரிப்பை இழந்தவள்தான் கெட்டவள் ஆகிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னிடம் எஞ்சியிருந்த இரண்டு காட்டன் புடவைகளில் வேறு விரிப்பு தைத்தாள். கூடம் மறுபடியும் நேர்த்தியானது. திண்டுகள் அவள் வைத்த வரிசையிலேயே இருந்தன. யாரும் உட்காரவில்லை. ஷோரூமைப் போல இருந்தது. அவளே ஒரு மாலை திவானில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாசலில் இருந்த மாமியாரின் முதுகையே பார்க்க வேண்டியிருந்ததால் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அடுக்குமாடிக்கு அவளே போனாள்.

இம்தியாஸின் மனைவி ஷாஹீன் கதவைத் திறந்தாள். முன்னறையை நிறைத்துக்கொண்டு பெரிய சோபா செட்டு. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அதன் மேலேயே இருந்தது. சங்கீதா உட்கார்ந்ததும் உறை நொறுநொறுவென்று சத்தம் போட்டது. அசையாமல் உட்கார்ந்தாள்.

"மாமி உள்ள இருக்காங்க. நீங்க உள்ள போயிப் பாருங்க" என்றாள் ஷாஹீன். "வெளிய வர மாட்டாங்க."

சின்ன அறை. ஒரு கட்டில், ஜன்னலுக்குக் கீழே ஒரு பெரிய இரும்புப் பெட்டி, சுவரோரம் துணி மூட்டைகள். முனவ்வர் பேகம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு வந்த?"

"சொம்மா பாக்கத்தாம்மா வந்தேன்."

"பாத்தாச்சி இல்ல."

சங்கீதா வரும் வழியெல்லாம் பணிவாகப் பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அது ஒரு நொடியில் பறந்துபோனது. "எங்க அத்தை ரெண்டு வாரமா எங்கிட்டப் பேசறது இல்ல. உங்களாலதான்."

"நான் இன்னா பண்ணேன்?"

"மூணு வாரம் உக்காந்து தெச்ச விரிப்பப் பிரிச்சிப் போட்டீங்க."

"பிரிச்சது ரங்கம்மா" என்றார் முனவ்வர் பேகம். கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தவர் போல, "வெந்நீர்ல போட்டது நான்" என்றார்.

"பட்ட வெந்நீர்லயா?"

"அழுக்குப் போவும்னு போட்டேன்."

சங்கீதா நெற்றியைப் பிடித்துக்கொண்டு இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. தூரத்தில் ரயில் போனது.

"ஏம்மா எங்க ஊட்டுக்குத் தினமும் வந்தீங்க? திவானுக்காகவா?"

"மொதல்ல அதுக்குத்தான். அப்புறம் ரங்கம்மா." அவர் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இங்க உக்கார எடம் இல்லாம இல்ல. நல்ல சோபா. ஆனா உக்காந்தா சத்தம் வருது. எல்லாரும் டிவி பாத்துகினு இருப்பாங்க. நான் கொஞ்சம் கால் மாத்தினாக்கூட நொறுநொறுன்னு கேக்கும். திரும்பிப் பாப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பாப்பாங்க. எத்தினி வாட்டி அசையாம உக்காறது? உள்ள வந்துட்டேன்."

சங்கீதா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, அவள் விரும்பாமலே, அவள் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"இந்த மூட்டையெல்லாம் இன்னாதும்மா?"

"பழைய ஊட்டு ஜன்னல் திரை, கட்டில் விரிப்பு, என் நிக்காஹ் துப்பட்டா. தூக்கிப் போடணும்னு ஷாஹீன் சொல்லிகினு இருக்கா."

சங்கீதா எழுந்து ஒரு மூட்டையைப் பிரித்தாள். கனமான பச்சைத் திரைத்துணி, இன்னும் நல்ல நெசவு. அடியில் பூ வேலை செய்த வெள்ளை விரிப்புகள். திரும்பி இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரோடு சுவராக, ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும் நீளம்.

"எழுந்து வந்து இதுமேல உக்காருங்க."

"பெட்டி மேலயா?"

"உக்காருங்கம்மா, சொல்றேன்."

முனவ்வர் பேகம் சந்தேகத்தோடு உட்கார்ந்தார். எழுந்தார். யார் உதவியும் இல்லாமல் எழுந்தார். திரும்பவும் உட்கார்ந்து பார்த்தார்.

"இதுக்கு மேல ஒரு பஞ்சு மெத்தை, முதுகுக்கு ரெண்டு திண்டு, உங்க திரைத்துணியிலயே உறை" என்றாள் சங்கீதா. "அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன். ஒரு கண்டிஷன். நீங்க அத்தைக்குப் போன் பண்ணிக் கூப்பிடணும்."

"நீ கூப்புடு."

"எங்கிட்டதான் பேசறது இல்லையே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் மாமியாரும் மருமகளும் நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு போனார்கள். ரங்கம்மாள் வெளியே பார்த்தபடி வந்தாள். ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றபோது, எதிரே பார்த்துக்கொண்டே, "பேகம்மா துப்பட்டாவ வெட்டிடாத. போன்ல அழுதாங்க" என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் மருமகளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அத யாரு வெட்டப் போறாங்க?" என்றாள் சங்கீதா.

அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் நடந்ததை நினைத்தால், ஏற்றுமதி ஆய்வே எவ்வளவோ மேல். ஷாஹீன் தன் தையல் மெஷினைத் தூக்கிவந்து வைத்தாள். சங்கீதா அளவெடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை எடுத்தால், முனவ்வர் பேகத்தின் கை குறுக்கே வந்தது.

"இத வெட்டாத. இது முன்ரூம் திரை."

"சரி, இது?"

"அது பசங்க ரூம்து."

"அம்மா, வெட்டாம எப்படித் தெக்கறது?"

"ஓரமா வெட்டு."

"ஓரத்துல உறை தெக்க முடியாதும்மா."

ரங்கம்மாள் நடுவில் புகுந்து, பச்சையை அடியில் போட்டு வெள்ளையை மேலே போடலாம் என்றாள். வெள்ளை அழுக்காகும் என்றார் முனவ்வர் பேகம். அழுக்கானால் துவைக்கலாம் என்றாள் ரங்கம்மாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சங்கீதாவைப் பார்த்துவிட்டு, துவைப்பதைப் பற்றிப் பேசாமல் நிறுத்திக்கொண்டார்கள். மதியம் ஆனது. ஒரு துணியும் வெட்டுப்படவில்லை.

சங்கீதா கத்தரியை முனவ்வர் பேகத்தின் கையில் வைத்தாள். "நீங்களே வெட்டுங்க. எங்க வெட்டினாலும் சரி. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவர் கத்தரியை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். முன்ரூம் திரையைத் தடவி நீவினார். பிறகு ஒரு மூலையிலிருந்து வெட்டத் தொடங்கினார். கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம். சங்கீதாவின் லைனில் யாராவது இப்படி வெட்டியிருந்தால் அன்றைக்கே வேறு செக்‌ஷனுக்கு மாற்றியிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்ன வாக்குக்காகச் சும்மா இருந்தாள். கோணலை மடித்து உள்ளே தள்ளித் தைத்தாள்.

சாயங்காலத்துக்குள் மெத்தைக்கும் ஒரு திண்டுக்கும் உறை ஆகிவிட்டது. பெட்டி மேல் விரித்து, பச்சை உறை போட்டு, மூலைகளை இழுத்துவிட்டாள் சங்கீதா. முனவ்வர் பேகம் உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். ஒரு காலை மடித்து, இன்னொரு காலை நீட்டினார். கால் மாற்றினார். ஒரு சத்தமும் வரவில்லை. ஜன்னல் வழியாக ஊர் முழுவதும் தெரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளின் நீளமான கூரைகள், மசூதியின் மினார், மலை.

"அச்சா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பக்கம் கொஞ்சம் மேடா இருக்குது" என்றார்.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இம்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஷாஹீன் டீ கொண்டுவந்தாள். "அக்கா, முன்னாடி இருக்கற சோபாவுக்கும் இந்த மாதிரி உறை எதுனா தெச்சித் தர முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மொதல்ல அந்தப் பிளாஸ்டிக்கக் கழட்டுங்க."

"அழுக்காயிடும்னு இவருதான்..." என்று அவள் புருஷனைப் பார்த்தாள்.

"ஆவட்டும்" என்றாள் சங்கீதா. அவள் குரலில் லைன் சூப்பர்வைசர் வந்துவிட்டாள். இம்தியாஸ் "சரிக்கா" என்று சொல்லிவிட்டான்.

இன்னொரு திண்டுக்கு மட்டும் உறை பாக்கி இருந்தது. அதற்கு வெள்ளையா பச்சையா என்று ரங்கம்மாளும் முனவ்வர் பேகமும் மறுபடியும் ஆரம்பித்தார்கள். பச்சையென்று முடிவாகி, சங்கீதா நூல் கோத்து, பாதி தைத்த பிறகு, வெள்ளையே தேவலை, பிரித்துவிடு என்றார்கள். இந்த முறை இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சங்கீதா மெஷினிலிருந்து எழுந்தாள். ஊசியை, நூலை, பாதி உறையை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். "பிரிங்க. தெய்ங்க. மறுபடியும் பிரிங்க. நான் ஊட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். யாரும் தடுக்கவில்லை. அவர்கள் எந்த வெள்ளை என்று தேட ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டில் யாரும் இல்லை. கூடத்தில் வேட்டித் திரை வழியாகச் சாயங்கால வெளிச்சம் விழுந்திருந்தது. சங்கீதா முகம்கூடக் கழுவாமல் திவானில் படுத்தாள். கைலித் திண்டைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். பூவரசன் வேலை முடிந்து வந்து, "எங்க அம்மா? இன்னா ஆச்சி? பேசறாங்களா?" என்று வரிசையாகக் கேட்டான்.

"பேசறாங்க. நிறுத்தாம பேசறாங்க. இப்ப நீ பேசாத. ஒரு மணி நேரம் என்ன யாரும் எதுவும் கேக்காதீங்க."

அவன் விளக்கைப் போடாமல் நகர்ந்தான். சற்று நேரத்தில் அவள் போன் அடித்தது. அவள் கண்ணைத் திறக்காததைப் பார்த்து அவனே எடுத்தான்.

"சொல்லும்மா... படுத்துகினு இருக்கா... இல்ல, கோவமெல்லாம் இல்ல, அசந்துட்டா." போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினான். "எப்ப வந்து கூட்டினு போறதுன்னு கேக்கட்டுமா?"

"ஒரு மணி நேரம் அங்கயே இருக்கட்டும்."

அவன் அதைச் சொன்னான். மறுமுனையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. கேட்டுவிட்டு போனை வைத்தான்.

"இன்னா சொன்னாங்க?"

"உறை இன்னும் முடியலயாம். ராத்திரி சாப்புட்டுதான் வருவாங்களாம். ஜல்தி வந்து நிக்காதன்னாங்க."

"நல்லது" என்று சொல்லிவிட்டு சங்கீதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.